மோன் மக்களின் நாடு எங்கே போனது?

2017 மார்ச்சில் தென்கிழக்கு மியான்மரின் மவ்லமைன் நகரத்தில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். விலைவாசிக்காக இல்லை, ஒரு பாலத்தின் பெயருக்காக. மவ்லமைன் என்பது நம் பாட்டன்மார் மோல்மேன் என்று சொன்ன அதே துறைமுகம்தான். அந்த ஊரையும், சல்வீன் ஆறு கடலில் சேரும் இடத்தில் கிடக்கும் பீலூ தீவையும் இணைக்கும் புதுப்பாலம் அது. தீவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மோன் மக்கள், மியான்மரின் பழைய இனங்களில் ஒன்று. ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் இருந்தாலே போதும் என்பதுதான் உள்ளூர்க்காரர்களின் கோரிக்கை. ஆங் சான் சூச்சியின் கட்சி பெரும்பான்மை வைத்திருந்த நாடாளுமன்றமோ, சூச்சியின் தந்தை ஜெனரல் ஆங் சானின் பெயரைத்தான் வைப்போம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 1 அன்று இடைத்தேர்தல். தீவை உள்ளடக்கிய சாவுங்சோன் தொகுதியை அந்தக் கட்சி பறிகொடுத்தது. ஜெயித்தது யார் தெரியுமா, ராணுவத்தின் ஆதரவுக் கட்சி. அரை நூற்றாண்டு ராணுவ ஆட்சியில் அடிபட்ட மக்களின் தொகுதியில் இப்படி ஒரு முடிவு வருகிறதென்றால் கோபம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலம் அதே பெயரோடுதான் திறக்கப்பட்டது.

ஆங் சான் மொத்த நாட்டுக்கும் விடுதலைத் தலைவர்தானே, அவர் பெயரை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். மோன் பிரச்சினையே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. மோன்களை அந்நியர் என்று ஒதுக்கியதைவிட, "நீங்களும் நாங்களும் ஒன்றுதானே, உங்களுக்குத் தனியாக எதற்கு?" என்று சொல்லி விழுங்கியதுதான் பர்மிய அரசுகள் அதிகம் செய்தது. மியான்மரின் கச்சின், கரேன் இன மக்களின் போராட்டங்களைப் படித்த கண்ணோடு இதைப் படித்தால் பிடிபடாது. மலைவாழ் மக்கள் எங்கள் மலை, எங்கள் எல்லை என்று காட்ட ஓர் இடம் இருந்தது. மோன்கள் சமவெளிக்காரர்கள், நெல் விளைவிப்பவர்கள், தேரவாத பௌத்தர்கள், உடையிலும் சாப்பாட்டிலும் பர்மியர்களைப் போலவே இருப்பவர்கள். போதாததற்கு, பர்மியர்கள் தங்களுடையது என்று பெருமைப்படும் பலவற்றை முதலில் வைத்திருந்தவர்களும் இவர்களே.

மோன் மொழி கெமர் மொழிக்குச் சொந்தம், ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். பர்மியத்துக்கும் தாய்லாந்து மொழிக்கும் அது உறவே இல்லை. 6ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றைய மத்தியத் தாய்லாந்தில் செழித்த துவாராவதி இவர்களுடைய பண்பாடு. நகோன் பதோமில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் துவாராவதி அரசனின் புண்ணியம் என்று சமஸ்கிருதத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது, மக்கள் பேசியதைக் காட்டும் கல்வெட்டுகளோ பழைய மோனில் உள்ளன. வடக்கே லம்பூனில் இருந்த ஹரிபுஞ்சயம் என்ற மோன் அரசு 13ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தாக்குப்பிடித்தது. மேற்கே, இன்றைய மியான்மரின் தென்கரையில், தாட்டோன், பெகு, மர்தபான், ஐராவதி டெல்டா எல்லாம் சேர்ந்த நிலத்துக்கு ராமஞ்ஞ தேசம் என்று பெயர். இலங்கையில் ராமஞ்ஞ நிகாய என்ற பௌத்தப் பிரிவு இருப்பது ஈழத்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1864இல் தொடங்கிய அந்தப் பிரிவின் பெயர் இந்த நாட்டிலிருந்து போனதுதான்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மோன் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து வந்தது. அதிலிருந்துதான் பர்மிய எழுத்து வந்தது என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். பர்மிய மன்னர்களின் பழைய தலைநகரமான பாகனில் 1113ஆம் ஆண்டைச் சேர்ந்த மியாசேதி கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கல்லின் நான்கு பக்கமும் ஒரே செய்தி, பாலி, பியூ, மோன், பர்மியம் என்று நான்கு மொழிகளில். அந்தக் காலத்தில் பாகனை ஆண்ட சான்சித்தா ஒரு பர்மிய மன்னன், ஆனால் தன் அரண்மனைக் கல்வெட்டை மோன் மொழியில் வெட்டினான். அரசவையின் மொழியாக மோன் இருந்த காலம் அது.

அந்த மோன் எப்படிப் பாகனுக்குப் போனது என்பதற்குப் பள்ளிப் புத்தகக் கதை ஒன்று உண்டு. 1057இல் பாகன் மன்னன் அனோரதா தாட்டோன்மேல் படையெடுத்து, மோன் அரசன் மனுஹாவையும் திரிபிடக ஏடுகளையும் துறவிகளையும் கைவினைஞர்களையும் கொண்டுபோனான் என்பது கதை. மனுஹா கட்டியதாகச் சொல்லப்படும் கோயில் பாகனில் இன்றும் இருக்கிறது. உள்ளே போனால் மூச்சு முட்டும்: பெரிய புத்தர் சிலைகளை அவற்றுக்குப் பற்றாத அறைகளில் திணித்து வைத்திருக்கிறார்கள், தோள் சுவரில் இடிக்கிறது, முகத்துக்கு முன்னால் இடமே இல்லை. சிறைப்பட்ட அரசன் தன் நிலைமையைக் கல்லில் சொன்னான் என்று மோன்கள் சொல்வார்கள். ஆனால் வரலாற்றாசிரியர் மைக்கேல் ஆங்-த்வின் 2005இல் இந்தப் படையெடுப்புக் கதையே நடந்ததற்குச் சமகாலச் சான்று இல்லை, அது நானூறு ஆண்டுகள் கழித்து எழுந்த கதை என்று வாதிட்டார். மோன் அறிஞர்கள் கொதித்துப்போனார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: தாட்டோன் படையெடுப்பு சந்தேகத்துக்குரியதாகவே இருக்கட்டும், பாகன் கல்வெட்டுகளில் மோன் மொழி இருப்பது சந்தேகத்துக்கு உரியதில்லை. ஒரு மக்களின் இன்றைய உரிமையை 1057இல் என்ன நடந்தது என்பதில் கொண்டுபோய்க் கட்டியது இரு தரப்புமே செய்த தவறு.

ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த ஹம்சாவதி என்ற மோன் அரசைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. 1287இல் வரேரு என்பவன் மர்தபானில் தொடங்கியது. பர்மாவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்ட நூல் அவன் பெயரில்தான் இருக்கிறது. 1369இல் தலைநகரம் பெகுவுக்கு மாறியது. அப்புறம் 250 ஆண்டுகளை நிறைக்கும் இந்த அரசின் நடுவில் 15ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் ஆண்டாள், ஷின் சாபு. யாங்கோன் ஷ்வேடகோன் பகோடாவுக்குத் தன் எடைக்கு எடை தங்கம் கொடுத்தவள் என்று அவளைச் சொல்வார்கள். அவளுக்குப் பின் வந்தவன் தம்மசேதி, துறவியாக இருந்து அரசனானவன். 1476இல் அவன் 22 மூத்த துறவிகளையும் அவர்களுடைய சீடர்களையும் இரண்டு கப்பல்களில் இலங்கைக்கு அனுப்பினான், களனி ஆற்றில் புதிதாக உபசம்பதை, அதாவது முழுத் துறவிக்கான தீட்சை, பெற்று வருவதற்கு. திரும்பும்போது ஒரு கப்பல் உடைந்தது. தப்பித்தவர்கள் நடந்தே நாகப்பட்டினம் வந்து, அங்கே பழைய பௌத்த மடம் இருந்த இடத்தையும், சீன அரசன் ஒருவன் கட்டுவித்த குகையில் இருந்த புத்தரையும் வணங்கிப் போனார்கள். இதெல்லாம் பெகுவில் அவன் நட்ட கல்யாணிக் கல்வெட்டுகளில் எழுதியிருக்கிறது. நாகையில் பௌத்தம் என்னவாக மிச்சம் இருந்தது என்று தேடுபவர்கள் கடைசியில் வந்து சேரும் சான்றுகளில் ஒன்று, ஒரு மோன் அரசனின் கல்.

1539இல் பர்மியத் தவுங்கூ மன்னன் தபின்ஷ்வேதி பெகுவைப் பிடித்தான். ஆனாலும் பெகுவிலேயே உட்கார்ந்து, மோன் முறைப்படி முடிசூடி, மோன் பிரபுக்களை வைத்துக்கொண்டுதான் ஆண்டான். நாடு போனாலும் நகரம் போகவில்லை என்ற நிலை. உண்மையான முறிவு 18ஆம் நூற்றாண்டில்தான்.

1740இல் மோன்கள் எழுந்து பெகுவில் மறுபடி தங்கள் அரசை நிறுவினார்கள். 1752இல் வடக்கே போய்ப் பர்மியத் தலைநகரமான ஆவாவையே பிடித்து, பர்மிய அரச வம்சத்தை முடித்துவைத்தார்கள். அவர்களுடைய உச்சமும் அதுதான், சறுக்கலும் அதே வருஷம்தான். அதே ஆண்டு மொக்சோபோ என்ற ஊரின் தலைவன் ஒருவன் பெகுவுக்கு அடிபணிய மறுத்தான், அலௌங்பயா என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டான், மூன்றே வருஷத்தில் கடல்வரை வந்துவிட்டான். 1755இல் டகோன் என்ற ஊரைப் பிடித்து யாங்கோன் என்று பெயரை மாற்றினான், பகை ஒழிந்தது என்ற பொருளில். யாருடைய பகை என்று சொல்ல வேண்டியதில்லை.

மோன்களுக்கு அப்போது இருந்த வெளி உதவி பிரெஞ்சுக்காரர்கள். பாண்டிச்சேரியிலிருந்து டூப்ளே அனுப்பிய புருனோ என்ற அதிகாரி தான்லியின் துறைமுகத்தில் இருந்தார். முற்றுகை நீண்டது, பாண்டிச்சேரிக்குக் கடிதங்கள் போயின, கப்பல் வரவில்லை. 1756 ஜூலையில் துறைமுகம் விழுந்த பிறகு, சில நாட்கள் கழித்து, உதவிப் பொருட்களோடு ஒரு பிரெஞ்சுக் கப்பல் ஆற்றின் வாயில் வந்து நின்றது. அலௌங்பயா புருனோவை வைத்தே கடிதம் எழுதவைத்து அதை உள்ளே வரவழைத்தான். பீரங்கிகளும் துப்பாக்கிகளும் பீரங்கி இயக்கத் தெரிந்த பிரெஞ்சு ஆட்களும் மொத்தமாக அவன் கைக்குப் போனார்கள். புருனோ கொல்லப்பட்டார். மோன்களைக் காக்க வந்த ஆயுதம் அடுத்த வருஷம் பெகுவை முடிக்க உதவியது. 1757 மே மாதம் பெகு எரிந்தது, கடைசி மோன் அரசன் பின்ன தல பிடிபட்டான், 1774இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அப்புறம் தப்பியோட்டம். 1774இலும் 1815 வாக்கிலும் பெரிய பெரிய கூட்டங்களாக மூன்று பகோடா கணவாயைத் தாண்டி சியாமுக்குள் போனார்கள். சியாம் அரசர்கள் அவர்களை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள், படைக்கு ஆள் வேண்டுமே. பாங்காக்கைச் சுற்றி நொந்தபுரி, பதும் தானி, பிரபிரதேங் பகுதிகளில் குடியமர்த்தினார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் மண்பாண்டம் வாங்கப் போகும் கோ கிரெட் தீவு அப்படிக் குடியேறிய மோன்களின் ஊர்தான். இன்னொரு விஷயம்: தாய்லாந்தை ஆளும் சக்ரி வம்சத்துக்கே மோன் ரத்தம் உண்டு, மன்னர் மோங்குட் அதை எழுதியும் வைத்திருக்கிறார். அவர் துறவியாக இருந்தபோது தொடங்கிய தம்மயுத் என்ற பௌத்தச் சீர்திருத்தத்துக்குத் தூண்டுதலே மோன் துறவிகளின் ஒழுக்க முறைதான். ஆக தாய்லாந்து மோன்களை மதித்தது, மணந்தது, தாய்லாந்துக்காரர்களாக்கியது. அங்கேயும் முடிவு ஒன்றுதான், மொழி பெரும்பாலும் போய்விட்டது.

ஆங்கிலேயர் வந்தபோது ஒரு வாய்ப்பு இருந்ததாக மோன் வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். 1824 போரில் மோன்களைத் தங்கள் பக்கம் இழுக்க பிரிட்டிஷார் பழைய பெகு அரசைப் பற்றிப் பேசியது உண்மைதான். 1826இல் மோன் நிலத்தில் அவர்கள் கையில் வந்தது தென்னாசெரிம் கரையும் மோல்மேனும் மட்டுமே. பெகு வந்தது 1852இல். அதற்குள் மோன் அரசு என்ற பேச்சே யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது நெல். போரில் காலியாகிக் காடு மண்டிக் கிடந்த டெல்டாவைத் திருத்த மேல் பர்மாவிலிருந்து விவசாயிகள் இறங்கினார்கள், வங்கக் கடலைத் தாண்டித் தெலுங்கர்களும் தமிழர்களும் கூலிகளாக வந்தார்கள், கடன் கொடுக்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள். 1930களின் மந்தத்துக்குப் பிறகு கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கையில் இருந்தது. பர்மிய தேசியவாதிகள் இதைச் சொல்லித்தான் வளர்ந்தார்கள், நாமும் பர்மா நினைவுகளை எழுதும்போது இதையே பேசுகிறோம். ஆனால் அந்த நிலத்தில் முன்பு இருந்தவர் யார் என்ற கேள்வி இரு பக்கத்துக் கதையிலும் வருவதில்லை. ரங்கூன், பெகு, தாட்டோன், மோல்மேன் என்று நம் ஆட்கள் போய் இறங்கிய ஊர்களில் பாதி பழைய மோன் ஊர்கள்.

இதைவிடப் பெரிய சேதம் ஒரு நிர்வாகக் கோடு. பிரிட்டிஷார் மலைப்பகுதிகளை எல்லைப்புறப் பிரதேசங்கள் என்று தனியாகவும், சமவெளியை நேரடி ஆட்சியிலும் வைத்தார்கள். மோன்கள் சமவெளியில் இருந்ததால் அவர்கள் பர்மாவின் உள்பகுதி. 1947 பிப்ரவரி 12 அன்று ஆங் சான் பாங்லோங் ஒப்பந்தம் போட்டபோது மேசையில் இருந்தவர்கள் ஷான், கச்சின், சின் தலைவர்கள். மோன்கள் அதில் இல்லை. அந்த ஆண்டு அரசியலமைப்பில் ஷான் மாநிலம் வந்தது, கச்சின் மாநிலம் வந்தது, மோன்களுக்கு ஒன்றுமே வரவில்லை. காட்டுவதற்கு அவர்களிடம் கோடு போட்ட நிலம் இல்லை, அவ்வளவுதான். இப்போது பாலத்துக்கு ஆங் சான் பெயர் ஏன் உறுத்தியது என்று விளங்கும்.

1939இலேயே மொழி, சமயம், பண்பாட்டுக்காக அகில ராமஞ்ஞ மோன் சங்கம் தொடங்கியவர்கள், 1948இல் துப்பாக்கி எடுத்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் கரேன்களும் மோன்களும் சேர்ந்து தாட்டோனையும் மோல்மேனையும் பிடித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1958 ஜூலையில், பிரதமர் ஊ நூவின் அரசோடு பேசி மோன் மக்கள் முன்னணி ஆயுதத்தைக் கீழே வைத்தது. நை ஷ்வே சின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சில தோழர்களோடு காட்டில் தங்கி, அதே ஜூலை 20 அன்று புதிய மோன் மாநிலக் கட்சியைத் தொடங்கினார். ஊ நூ 1960 தேர்தலில் மோன் மாநிலம் தருவதாக வாக்குக் கொடுத்தார், ஜெயித்தார், 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து எல்லாரையும் தூக்கி உள்ளே போட்டார். 1974இல் அதே நே வின்தான் புதிய அரசியலமைப்பில் மோன் மாநிலம் ஒன்றை வரைந்து கொடுத்தார். சுமார் 12,300 சதுர கிலோமீட்டர். பெகு அதில் இல்லை, யாங்கோன் இல்லை, டெல்டா இல்லை. மாநிலம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் அதிகாரம் என்று எதுவும் இல்லை, அந்த அரசியலமைப்பில் எந்த மாநிலத்துக்கும்தான் இல்லை. 1983 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்திலேயே மோன்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு.

காட்டில் இருந்த கட்சியின் வரலாறும் நேர்க்கோடு இல்லை. 1981இல் பிளந்து 1987இல் சேர்ந்தார்கள். 1988 ஜூலையில், நாடே ராணுவத்துக்கு எதிராகக் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று பகோடா கணவாயின் எல்லை வியாபார வரி யாருக்கு என்று மோன் படையும் கரேன் படையும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 1990 பிப்ரவரியில் ராணுவம் வந்து அந்தக் கணவாயை இருவரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டது.

1995 போர்நிறுத்தத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் தத்துவம் எதுவும் இல்லை, எரிவாயுதான். அந்தமான் கடலின் யாதனா வயலிலிருந்து தாய்லாந்துக்கு எரிவாயுக் குழாய் போட டோட்டல், யுனோகால் நிறுவனங்களும் தாய்லாந்தும் பர்மிய ராணுவ அரசும் ஒப்பந்தம் போட்டிருந்தன. குழாய் போகும் நிலம் மோன், கரேன் படைகள் நடமாடும் பகுதி. பக்கத்திலேயே யே ஊரிலிருந்து தவோய்க்கு ரயில்பாதை, கூலி கொடுக்காமல் கிராமத்து ஆட்களைப் பிடித்துப் போட்டது. ஓடிவந்தவர்களைத் தாய்லாந்து அதிகாரிகள் எல்லையோரத்தில் ஹலோக்கானி என்ற இடத்துக்குத் தள்ளினார்கள். 1994 ஜூலையில் பர்மிய ராணுவம் அந்த முகாமுக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தியது. சுமார் 6,000 பேர் தாய்லாந்துப் பக்கம் ஓடினார்கள். தாய்லாந்து அதிகாரிகள் அரிசியை நிறுத்தி, அவர்களைத் திரும்பிப் போகவைத்தார்கள். இருநூறு வருஷம் முன்பு இதே வழியாக வந்தவர்களுக்கு நிலம் கொடுத்த அதே நாடு. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று கட்சி போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது. துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. பின்னால் தாய்லாந்து கதவை மூடிய பிறகு அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் போர்நிறுத்தத்தில் உருப்படியாகக் கிடைத்தது பள்ளிக்கூடம். கட்சி நடத்திய மோன் தேசியப் பள்ளிகள் காட்டை விட்டு ஊருக்குள்ளும் பரவின. ஆரம்ப வகுப்புகளில் எல்லாப் பாடமும் மோனில், நடுநிலையில் மெதுவாகப் பர்மியத்துக்கு மாறி, மேலே போனதும் முழுக்க அரசுப் பாடத்திட்டம். தாய்மொழியில் தொடங்கிய பிள்ளை அரசுத் தேர்வையும் எழுத முடிந்தது. மியான்மரின் மற்ற இனக் கல்வி அமைப்புகள் இந்த ஏற்பாட்டை முன்மாதிரியாகப் பேசுவதுண்டு. இது இல்லாத ஊர்களில் கோடை விடுமுறையில் விகாரைகளில் துறவிகள் மோன் எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நூறு வருஷம் முந்திய ஆட்சிகளில் மொழியைக் காப்பாற்றியதும் இந்த விகாரைகள்தான். இன்று சுமார் எட்டு லட்சம் பேர் மோன் பேசுகிறார்கள் என்று சொல்லலாம். மோன் வம்சம் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் அதைவிட எவ்வளவோ அதிகம்.

2010இல் தன் கீழ் இயங்கும் எல்லைக் காவல் படையாக மாறு என்று ராணுவம் கேட்டபோது கட்சி மறுத்தது, 2012இல் மறுபடி போர்நிறுத்தம், 2018 பிப்ரவரியில் நாடு தழுவிய போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்து. 2021 ராணுவப் புரட்சி இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துப்போட்டது. தேர்தலில் நின்ற மோன் ஒற்றுமைக் கட்சி ராணுவ ஆட்சிக் குழுவில் இடம் வாங்கிக்கொண்டது. புதிய மோன் மாநிலக் கட்சி ராணுவத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போய்க்கொண்டே இருந்தது. இளைஞர்கள் பொறுக்கவில்லை, தனித்தனிப் படைகள் முளைத்தன. 2024 பிப்ரவரி 14 அன்று கட்சிக்குள்ளிருந்தே ஒரு பிரிவு வெளியேறி, ராணுவச் சர்வாதிகாரத்துக்கு எதிரான அணி என்று தன்னை அறிவித்துச் சண்டையில் இறங்கியது. 1958இல் ஆயுதத்தை வைக்க மறுத்து ஒருவர் எப்படிப் பிரிந்தாரோ, அதே காரணத்துக்காக அவர் தொடங்கிய கட்சியே இப்போது பிளந்திருக்கிறது.

தனிநாடு என்று இப்போது பெரிதாக யாரும் கேட்பதில்லை. 1980களிலிருந்தே கோரிக்கை உண்மையான கூட்டாட்சிதான். ஆனால் அந்தக் கூட்டாட்சியில் மோன் மாநிலம் எதுவரை? கரேன் தேசிய ஒன்றியத்தின் முதலாவது படைப்பிரிவு தன்னுடையது என்று சொல்லும் தாட்டோன் மாவட்டம் மோன் மாநிலத்துக்குள் இருக்கிறது. யே ஆற்றுக்குத் தெற்கே தனிந்தாரிப் பகுதியில் மோன் கிராமங்களும் கரேன் கிராமங்களும் கலந்து கிடக்கின்றன. இரண்டு படைகளும் போர்நிறுத்தக் காலத்திலேயே அங்கே பலமுறை மோதியிருக்கின்றன. பெகுவில் இருப்பவர்கள் பர்மியம் பேசுகிறார்கள். ராணுவம் நாளைக்கே விலகினாலும், பழைய ராமஞ்ஞ தேசத்தின் படத்தை எடுத்து விரித்தால் அதன்மேல் இன்று வாழ்பவர்களில் பெரும்பாலோர் மோன்கள் இல்லை. 1974இல் நே வின் வரைந்த கோட்டை வைத்தால் அதற்குள்ளேயும் அவர்கள் பாதி இல்லை. எந்தக் கோட்டிலிருந்து பேச்சைத் தொடங்குவது என்பதில் மோன் தலைவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.